பிஸ்டன் ஏர் ரைபிள்: ஸ்டீல் ஸ்பிரிங்கா, கேஸ் ராமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் 0.177 இன்ச், அதாவது 4.5 மி.மீ. பிஸ்டன் ஏர் ரைபிள்களைப் பற்றியது. வெடிமருந்துத் துப்பாக்கிகள் இதில் வராது. கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி பக்கம் இலக்குப் பயிற்சிக்காகப் புதிதாக வாங்குபவர்களும், தாத்தா காலத்து ஏர்கன்னைப் பரணிலிருந்து இப்போது இறக்கியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை கீழே இருக்கின்றன. கேள்விகளைக் கேட்ட வாக்கிலேயே விட்டிருக்கிறோம்.

இதுல பிஸ்டன் எங்கீங்க வருது? பம்பு மாதிரிங்களா?

சைக்கிள் பம்பேதான். வாயை விரலால் அடைத்துக்கொண்டு ஒரே குத்தாகக் குத்தினால் உள்ளே காற்று எதிர்த்து நிற்கும் இல்லையா, அதைத்தான் இந்த ரைபிள் செய்கிறது. பேரலை மடக்கும்போது பிஸ்டன் பின்னால் போய், ஸ்பிரிங்கை அமுக்கி, சியர் என்கிற கொக்கியில் மாட்டிக்கொள்கிறது. டிரிகரை இழுத்ததும் கொக்கி விடும். பிஸ்டன் முன்னால் பாய்ந்து சிலிண்டரில் இருக்கும் காற்றை நசுக்கும். சிலிண்டரின் முகப்பில் சுமார் 3 மி.மீ. துளை ஒன்று உண்டு. அதற்கு ட்ரான்ஸ்ஃபர் போர்ட் என்று பெயர். நசுங்கிய காற்று அதன் வழியே வந்து பெல்லட்டின், அதாவது சின்ன ஈயக் குண்டின், பாவாடை மாதிரி விரிந்த பின்பகுதியில் அடித்து அதைக் கிளப்புகிறது.

பலரும் நினைப்பதுபோல பிஸ்டன் சிலிண்டர் முகப்பில் போய் மோதி நிற்பதில்லை. பெல்லட் கிளம்பத் தயங்கும் அந்தச் சொற்ப நேரத்தில் முன்னால் திரண்ட காற்றே மெத்தை மாதிரி பிஸ்டனைத் தாங்கிக்கொள்கிறது. அந்தக் காற்று மெத்தை சரியாக இருக்கும்வரை ரைபிள் பல்லாயிரம் ஷாட் தாங்கும். மெத்தை மெலிந்தால் இரும்பு இரும்பில் மோதும். இந்தப் பக்கத்தில் வரும் கோளாறுகளில் பாதி அந்த வகைதான்.

ஸ்டீல் ஸ்பிரிங்குக்கும் கேஸ் ராமுக்கும் என்னங்க வித்தியாசம்?

பிஸ்டனைப் பின்னாலிருந்து தள்ளுவது எது என்பது மட்டும்தான். பழைய முறையில் சுருள் கம்பி தள்ளும். 1905-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பி.எஸ்.ஏ. நிறுவனம் தயாரித்த ரைபிளிலிருந்து இன்று கடையில் இருக்கும் பெரும்பாலானவை வரை அடிப்படை அதுதான். கேஸ் ராமில், அழுத்தி அடைத்த நைட்ரஜனோ காற்றோ உள்ள ஒரு மூடிய உருளை அந்த இடத்தில் இருக்கும். கார் டிக்கியைத் தூக்கிப் பிடிக்கும் ஸ்ட்ரட்டின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். 1980-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் தியோபென் நிறுவனம் இதை ஏர் ரைபிளுக்குள் கொண்டுவந்து விற்றது. அந்த முறை இப்போது நடுத்தர விலை ரைபிளிலும் வந்துவிட்டது.

கையில் எடுத்தால் வித்தியாசம் உடனே தெரியும். ஸ்டீல் ஸ்பிரிங்கில் மடக்கும் வேலை லேசாக ஆரம்பித்துப் போகப் போகக் கனக்கும். கேஸ் ராம் முதல் இன்ச்சிலேயே முழு பலத்தோடு எதிர்க்கும். சுட்ட பிறகு ஸ்டீலில் ஒரு சின்ன "ட்டொய்ங்" அதிர்வு காதுக்குக் கேட்கும், கன்னத்துக்கும் தெரியும். கேஸ் ராமில் அது இருக்காது. "டப்" என்று வெட்டினாற்போல் முடிந்துவிடும்.

ரெண்டுல எது அதிக நாள் உழைக்கும்?

கடைக்காரர் கேஸ் ராம் என்பார். எங்கள் பதில் அவ்வளவு நேரானது அல்ல.

ஸ்டீல் ஸ்பிரிங் மெதுவாகச் சாகும். முதல் சில நூறு ஷாட்டில் கொஞ்சம் படிந்து நீளம் குறையும். பிறகு நெடுநாள் அப்படியே ஓடும். உடையும்போது பெரும்பாலும் நுனியிலிருந்து இரண்டு மூன்று சுற்றுக்குள் உடையும். உடைந்த இரண்டு துண்டும் ஒன்றோடொன்று திருகிக்கொள்வதால் துப்பாக்கி நிற்காமல் சுட்டுக்கொண்டே இருக்கும். வேகம் குறைந்திருக்கும், மடக்கும்போது நறநறவென்று சத்தம் வரும். தன் ரைபிளில் ஸ்பிரிங் உடைந்திருப்பதே தெரியாமல் வருஷக்கணக்கில் சுடுகிறவர்கள் உண்டு.

கேஸ் ராம் வேறு மாதிரி. உள் சீல் (வாயு கசியாமல் அடைக்கும் வளையம்) நன்றாக இருக்கும்வரை முதல் நாள் எப்படியோ அப்படியே இருக்கும். களைப்போ படிவோ கிடையாது, துருப்பிடிக்கச் சுருளும் இல்லை. ஆனால் சீல் கசிய ஆரம்பித்தால் மிச்சம் வைக்காது. ஒரு நாள் காலையில் மடக்கினால் எதிர்ப்பே இருக்காது. உள்ளூர்ப் பட்டறையில் அதைத் திரும்ப நிரப்ப முடியாது. திறக்கவும் கூடாது, அழுத்தம் ஆளைக் காயப்படுத்தும். அதே அளவு புது யூனிட் கிடைத்தால்தான் உண்டு. அந்த மாடல் நின்றுபோயிருந்தால் ரைபிள் சுவரில் மாட்டத்தான் ஆகும்.

அதனால் வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி, "ராம் போனால் ஸ்பேர் தனியாக விற்கிறீர்களா, என்ன விலை?" என்பதுதான். பதில் மழுப்பலாக வந்தால் ஸ்டீல் ஸ்பிரிங்கையே எடுங்கள். கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் ஸ்பிரிங் சுற்றித்தர ஆள் இருக்கிறார்கள். கேஸ் ராமுக்கு அந்த வசதி இல்லை. எங்கள் கணக்கில் நம்பகம் என்பது உடையாமல் இருப்பது மட்டுமில்லை, உடைந்தால் மறு வாரம் திரும்ப ஓட வேண்டும்.

வெயில்ல கேஸ் ராம் மாறுங்களா?

மாறும். மூடிய வாயுவின் அழுத்தம் வெப்பநிலையோடு ஏறும். காலை 20 டிகிரியில் குறி வைத்த ரைபிளை மதியம் 40 டிகிரியில் எடுத்தால் கெல்வின் கணக்கில் 293-லிருந்து 313. அழுத்தம் கிட்டத்தட்ட 7 சதம் கூடுகிறது. கரூர் மே மாத வெயிலில் குறி வைத்துவிட்டு வால்பாறை மார்கழிக் குளிருக்குக் கொண்டுபோனால் 10 சதம் அளவுக்கு விழலாம். 10 மீட்டரில் இது கண்ணில் படாது. 30 மீட்டருக்கு அப்பால் பெல்லட் கீழே இறங்குவது தெரியும்.

ஸ்டீல் கம்பிக்கு இந்தக் கவலை அவ்வளவு இல்லை. ஆனால் அதில் அப்பிய தடித்த கிரீஸ் குளிரில் இறுகி வேகத்தைக் குறைக்கும். இரண்டையுமே பூட்டிய காருக்குள் வெயிலில் விடாதீர்கள்.

பெட்டியில 1000 எஃப்.பி.எஸ். போட்டிருக்கு. அதிகம்னா நல்லதுதானுங்களே?

எஃப்.பி.எஸ். என்பது நொடிக்கு எத்தனை அடி என்ற கணக்கு; 1000 என்றால் நொடிக்கு 305 மீட்டர். அந்த எண் பெரும்பாலும் மிக லேசான கலப்பு உலோகப் பெல்லட்டை வைத்து எடுத்தது. 5.2 கிரெயின் பெல்லட் (0.337 கிராம்) நொடிக்கு 305 மீட்டரில் போனால் ஆற்றல் 15.7 ஜூல்தான். அதே ரைபிளில் 8 கிரெயின் ஈயப் பெல்லட் (0.518 கிராம்) போட்டால் நொடிக்கு 240 மீட்டர் அளவில் வரும்; ஆற்றலும் கிட்டத்தட்ட அதே 15 ஜூல். பெட்டியில் மட்டும் எண் சின்னதாகிவிடும், விற்பனை நடக்காது.

கணக்குப் போட்டுப் பார்க்க விரும்பினால்: எடையைக் கிலோகிராமில் எடுத்து, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, பாதியாக்குங்கள். 1 கிரெயின் என்பது 0.0648 கிராம்.

லேசான பெல்லட்டுக்கு இன்னொரு கெடுதல் உண்டு. அது சட்டென்று கிளம்பிவிடுவதால் பின்னால் காற்று மெத்தை திரள நேரம் இருக்காது, பிஸ்டன் முகப்பில் அறைந்துவிடும். அளவு மீறிக் கனத்த பெல்லட்டில் பிஸ்டன் எகிறிப் பின்னால் குதிக்கும். அதுவும் வேகத்தைத் தின்னும். சாதாரண மடக்கு ரைபிளுக்கு 7-லிருந்து 8.5 கிரெயின் வரை போதும். 10 மீட்டர் போட்டி ரைபிள்களே நொடிக்கு 170 மீட்டர் அளவில்தான் சுடுகின்றன. காகிதத்தில் ஓட்டை போட அதற்கு மேல் தேவையில்லை.

லைசென்ஸ் வேணுங்களா?

2016 ஆயுத விதிகளுக்குப் பிறகு, 0.177 இன்ச் அளவும் 20 ஜூலுக்குள் ஆற்றலும் உள்ள ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. இரண்டில் ஒன்று மீறினாலும் தேவை. 0.22 இன்ச் வாங்கினால் பலம் குறைந்ததாக இருந்தாலும் உரிமம் வேண்டும். 8 கிரெயின் பெல்லட் நொடிக்கு 278 மீட்டரைத் தொட்டால் 20 ஜூல் ஆகிவிடும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். உரிமம் இல்லாத ரைபிளுக்குப் பலமான ஸ்பிரிங் போட்டு எல்லையைத் தாண்டினால் பொறுப்பு உங்களுடையது. வாங்கிய பில்லைத் தொலைக்காதீர்கள்.

மயில் தொல்லை தாங்கல. சும்மா மிரட்டறதுக்குச் சுடலாங்களா?

கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. சாகாமல் காயம் பட்டாலும் சட்டத்தின் கண்ணில் அது வேட்டைதான். தக்காளியும் சோளமும் போகிற வயிற்றெரிச்சல் புரிகிறது, ஆனால் அதற்கு இது கருவி இல்லை. பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையில் மனு கொடுங்கள். தெருநாய், குரங்கு, காட்டுப்பன்றிக்கும் இதே பதில்தான்.

பெல்லட் இல்லாம சும்மா ஒரு ஷாட் சுட்டுப் பாத்தா என்னாயிடும்?

கடையில் எல்லோரும் செய்வது இதுதான், முதலில் கெடுப்பதும் இதுதான். பெல்லட் இல்லாவிட்டால் ட்ரான்ஸ்ஃபர் போர்ட் திறந்த வாய். காற்று தங்காமல் ஓடிவிடும், மெத்தை கிடையாது. பிஸ்டன் முழு வேகத்தில் முகப்பில் அறையும். ஒன்றிரண்டு தடவையில் வெளியே எதுவும் தெரியாது. தொடர்ந்தால் பிஸ்டன் தலையில் காற்றை அடைக்கும் சீலின் முகம் விரிசல் விடும், ஸ்பிரிங் நுனி உடையும். காட்சிக்கு வைத்திருந்த ரைபிளைத் தள்ளுபடியில் வாங்குவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

என்ன எண்ணெய் விடோணும்? தேங்காய் எண்ணெய் ஆகுங்களா?

கொங்கு நாட்டு ஏர்கன்களைக் கொன்றதில் தேங்காய் எண்ணெய்க்கும் தையல் மெஷின் எண்ணெய்க்கும் பெரிய பங்கு.

டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் இல்லை. காற்றைத் திடீரென்று நசுக்கினாலே சூடாகும். அந்தச் சூட்டில் டீசல் தானாகப் பற்றிக்கொள்ளும். ஏர் ரைபிள் சிலிண்டரிலும் காற்று அதே மாதிரி நொடியில் பல நூறு டிகிரிக்கு ஏறுகிறது. பிஸ்டனுக்கு முன்னால் பெட்ரோலிய எண்ணெய் இருந்தால் அது பற்றும். லேசாக இருந்தால் பேரல் வாயில் புகையும் எரிந்த வாடையும் வரும். புது ரைபிளில் முதல் 20, 30 ஷாட் வரை இது சகஜம், தொழிற்சாலையில் பூசிய எண்ணெய் எரிகிறது. அதிகமாக இருந்தால் பட்டாசு மாதிரி வெடிச் சத்தம் கேட்கும். அந்த அழுத்தம் பிஸ்டனைத் திரும்பப் பின்னால் எறியும், சீல் கிழியும், ஸ்பிரிங் முறியும். "எண்ணெய் விட்டதும் பவர் ஏறிடுச்சுங்க" என்று மகிழ்கிறவர்கள் உண்மையில் இதைத்தான் கேட்கிறார்கள்.

தேங்காய் எண்ணெய் எரிவதோடு நிற்காது. 24 டிகிரிக்குக் கீழே உறைந்துபோகும், நாள்பட்டால் பிசினாகி டிரிகர் சியரில் ஒட்டும். சியர் முழுதாக மாட்டாமல் நிற்பது ஆபத்து.

சரியான முறை இதுதான். பிஸ்டனுக்கு முன்னால் சுத்தமான சிலிக்கோன் சேம்பர் எண்ணெய் மட்டும். செயற்கை சீல் என்றால் ஆயிரம் ஷாட்டுக்கு ஒரு சொட்டு, அதுவும் மடக்கும்போது கிறீச்சிட்டால் மட்டும். பிஸ்டனின் பின்பகுதி, ஸ்பிரிங் கைடு (ஸ்பிரிங் வளையாமல் உள்ளிருந்து தாங்கும் தண்டு), சியர் முகம் ஆகியவற்றுக்கு மாலிப்டினம் கலந்த கிரீஸ், விரலால் தேய்த்த மெல்லிய பூச்சு. ஸ்பிரிங்கை இட்லிப் பொடி தடவுவது மாதிரி மூழ்கடிக்க வேண்டாம். அது முன்னால் வழிந்து சிலிண்டருக்குள் போய் எரியும். சிலிக்கோனை ஸ்பிரிங்கிலும் சியரிலும் விடாதீர்கள், இரும்பு இரும்பில் உரசும் இடத்தில் அது தாங்காது. வெளி இரும்புக்கு எண்ணெய் தொட்ட துணியால் ஒரு துடைப்பு. கை வியர்வை பட்ட இடம் மறு வாரமே செம்பழுப்பாகும், பொள்ளாச்சி ஆனி ஆடிச் சாரலில் இன்னும் சீக்கிரம்.

தாத்தாவோட ஏர்கன்ல தோல் வாஷர் இருக்கு. மாத்திடலாங்களா?

அவசரப்பட வேண்டாம். தோல் சீல் காய்ந்திருந்தால் உயிர் கொடுக்கலாம். ரைபிளைச் செங்குத்தாக நிறுத்தி, பேரலை மடக்கி, ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டில் நான்கைந்து சொட்டு சிலிக்கோன் எண்ணெய் விட்டு இரவு முழுக்க வையுங்கள். மறுநாள் பெல்லட் போட்டு 20 ஷாட். தோல் ஊறி விரிந்து சிலிண்டரைப் பிடித்தால் சத்தம் "சளக்" என்பதிலிருந்து "டுப்" என்று மாறும். தோலுக்குச் செயற்கை சீலைவிட அடிக்கடி எண்ணெய் வேண்டும். சைக்கிள் பம்பின் தோல் வாஷரும் காய்ந்தால் காற்றுப் பிடிக்காது, அதே கதை.

தோல் கிழிந்திருந்தால் மட்டும் மாற்றுங்கள். பழைய பிஸ்டனில் தோலை ஸ்குரூ போட்டுப் பிடித்திருப்பார்கள்; செயற்கை சீலுக்கு அதன் தலையைக் கடைய வேண்டிவரும். சாதாரண ரப்பரை வெட்டி வைத்தால் சில நூறு ஷாட்டில் பொடிந்துவிடும். பாலியூரிதேன், ஷோர் ஏ 90 அளவு கடினம், உதடு சிலிண்டர் துளையைவிட 0.2 மி.மீ. பெரிதாக இருந்தால் போதும். நுழைக்கும்போது சிலிண்டரில் உள்ள காக்கிங் பிளவின் (மடக்கும் லிவர் ஓடும் வெட்டின்) விளிம்பு கத்தி மாதிரி சீலைச் சீவும். முதலில் நைஸ் எமரியால் அந்த விளிம்பை மழுக்குங்கள். பாதிப் புது சீல்கள் சுடுவதற்கு முன்னாலேயே கிழிவது இங்கேதான்.

வேகம் குறைஞ்சுபோச்சு. எங்கிருந்து பாக்கறது?

செலவில்லாததிலிருந்து ஆரம்பியுங்கள். முதலில் பேரல் சிலிண்டரைத் தொடும் இடம். அங்கே ஒரு சின்ன ரப்பர் வளையம், பிரீச் சீல். டிஷ்யூ காகிதத்தில் விரல் அகலத் துண்டைக் கிழித்து அந்தச் சந்தின் மேல் தொங்கவிட்டு, பெல்லட் போட்டுச் சுடுங்கள். காகிதம் துள்ளினால் கசிவு அங்கேதான். பல ரைபிளில் சாதாரண ஓ-ரிங்தான், சில ரூபாய். புதியது உட்கார்ந்த பிறகு முகத்துக்கு மேலே மயிரிழை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். உள்ளே அமுங்கிவிட்டால் அடியில் மெல்லிய காகித வாஷர் ஒன்று வையுங்கள்.

காகிதம் அசையவில்லை என்றால் மடக்கிப் பாருங்கள். நறநறப்பு இருந்தால் ஸ்பிரிங். மடக்க வழக்கமான கனம் இருந்தும் சுடும்போது உலோகம் அறையும் ஓசை கேட்டால் பிஸ்டன் சீல். கேஸ் ராமில் மடக்குவதே இலேசாகிவிட்டால் வாயு போய்விட்டது.

குரோனோகிராஃப் (பெல்லட் வேகத்தை அளக்கும் கருவி) கையில் இருந்தால் பத்து ஷாட்டை எழுதி வையுங்கள். நல்ல நிலையில் உள்ள ரைபிளில் பத்தும் நொடிக்கு 5 மீட்டர் வித்தியாசத்துக்குள் வரும். சராசரி குறையாமல் சிதறல் மட்டும் கூடியிருந்தால் எண்ணெய் எரிகிறது அல்லது பெல்லட் டப்பா மட்டம்.

ஸ்பிரிங் லோக்கல்ல சுத்திக்கலாங்களா?

தாராளமாக. ஆனால் "இதே மாதிரி, கொஞ்சம் ஸ்ட்ராங்கா" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். நான்கு அளவு எடுத்துப் போங்கள்: கம்பித் தடிமன், வெளி விட்டம், சுற்று எண்ணிக்கை, தளர்ந்த நீளம். பழைய ஸ்பிரிங் படிந்து குறுகியிருக்கும் என்பதையும் சொல்லுங்கள்.

தடித்த கம்பி போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு. 3 மி.மீ. கம்பி, 33 சுற்று என்றால் முழுக்க நசுங்கிய நீளம் 99 மி.மீ. பிஸ்டன் சியரில் மாட்டும்போது ஸ்பிரிங்குக்குக் கிடைக்கும் இடம் 103 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம், தப்பித்தது. கம்பி 3.25 ஆனால் 107. சுற்றோடு சுற்று முட்டி நிற்கும், சியர் மாட்டவே மாட்டாது. வலுக்கட்டாயமாக மடக்கினால் காக்கிங் லிவர் வளையும்.

கம்பி பியானோ வயர் தரத்தில் இருக்க வேண்டும். சுற்றிய பிறகு சுமார் 250 டிகிரியில் அரைமணி நேரம் சூட்டில் வைத்து இறுக்கத்தை எடுக்க வேண்டும். இதைச் செய்யாத ஸ்பிரிங் சீக்கிரமே பலம் இழந்து வரும். இரண்டு நுனியும் தட்டையாக, நீளத்துக்குச் செங்கோணமாக அரைத்திருக்க வேண்டும். தட்டை மேசை மேல் நிறுத்திப் பாருங்கள். சாய்ந்து நின்றால் வாங்காதீர்கள். அது உள்ளே போனதும் வளைந்து கைடில் உரசும்.

நானே பிரிக்கலாங்களா?

மடக்காத நிலையிலும் ஸ்பிரிங் 25-லிருந்து 50 மி.மீ. வரை அமுங்கியேதான் இருக்கும். சிலிண்டரின் பின்பக்க மூடியைப் பூட்டியிருக்கும் கடைசிப் பின்னைத் தட்டியதும் மூடி முகத்துக்கு வரும். கையாலும் மார்பாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு பிரிப்பதை வீடியோவில் பார்த்துச் செய்யாதீர்கள். நீளமான தச்சுக் கிளாம்ப் ஒன்று போதும். லேத் பட்டறை நண்பர் இருந்தால் இன்னும் நல்லது: மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஹெட்ஸ்டாக் பக்கம் மரக்கட்டையில் சிலிண்டர் முகப்பைத் தாங்கி, டெயில்ஸ்டாக்கால் மூடியை அமுக்கி, பின்னை எடுத்து, கைச்சக்கரத்தை மெதுவாகத் திருப்பித் தளர்த்தினால் ஸ்பிரிங் சாதுவாக வெளியே வரும்.

குறி ஒரு நாள் இருக்கற மாதிரி இன்னொரு நாள் இல்லீங்க.

ஸ்டாக்கை, அதாவது மரக்கட்டையை, பிடித்திருக்கும் ஸ்குரூக்கள். பத்தில் பல தடவை அதுதான். பிஸ்டன் பாயும்போது ரைபிள் முதலில் பின்னால் உதைக்கும், பிஸ்டன் நின்றதும் முன்னால் இழுக்கும். இந்த இரட்டை உதை ஸ்குரூவைத் தினமும் கொஞ்சம் கழற்றும். நீல நிற திரெட் லாக் ஒரு சொட்டு போட்டு இறுக்குங்கள். அடுத்து மடக்கு மூட்டு: பேரலைப் பாதி மடக்கிக் கையை விட்டால் அங்கேயே நிற்க வேண்டும். தொப்பென்று விழுந்தால் பிவட் போல்ட்டை இறுக்குங்கள்.

பிறகு பிடி. பெல்லட் பேரலுக்குள் இருக்கும்போதே உதை ஆரம்பித்துவிடுவதால் நீங்கள் எப்படிப் பிடிக்கிறீர்கள் என்பதும் குறியில் சேரும். இறுக்கிப் பிடிப்பதும், செங்கல் மேல் வைத்துச் சுடுவதும் சிதறலைக் கூட்டும். முன் கையை விரித்த உள்ளங்கையாக வைத்து, ரைபிள் அதன்மேல் தன் இஷ்டத்துக்கு அசையும்படி விடுங்கள். தோளிலும் லேசாக மட்டும் ஊன்றுங்கள். கேஸ் ராமில் உதை வெட்டென்று இருப்பதால் இந்த விஷயத்தில் அது இன்னும் கோபக்காரன்.

ஸ்கோப் மூணு மாசத்துல போயிடுச்சு, ஏனுங்க?

பெரிய துப்பாக்கி ஸ்கோப்பாக இருக்கும். அவை பின்னால் உதைப்பதை மட்டும் தாங்கச் செய்தவை; முன்னால் இழுக்கும் உதையில் உள்ளே லென்ஸ் கழன்றுவிடும். ஏர்கன்னுக்கு என்று சொல்லி விற்பதை, 10 மீட்டர் கிட்டத்திலும் ஃபோகஸ் வருவதாகப் பார்த்து வாங்குங்கள். மவுண்ட் பின்னால் நழுவாமல் ஸ்டாப் பின் இருக்க வேண்டும்.

மடக்கு பேரல், அடி லிவர், பக்க லிவர்: எது?

மடக்கு பேரலில் பாகம் குறைவு, எடை குறைவு, விலை குறைவு. பேரலே அசைவதால் மூட்டு தேய்ந்தால் குறி போகும். அடி லிவரிலும் பக்க லிவரிலும் பேரலுக்குப் பதில் அடியிலோ பக்கத்திலோ உள்ள தனி லிவரை இழுக்க வேண்டும்; பேரல் நிலையானது, குறி நிலைக்கும், கனம் ஒரு கிலோ கூடலாம். பல மாடல்களில் பெல்லட் வைக்கும்போது சிலிண்டர் பின்னால் நகர்ந்து திறந்திருக்கும். கொக்கி நழுவினால் அது விரலை நறுக்கும். லிவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டே மறு கையால் பெல்லட் வையுங்கள், விதிவிலக்கில்லை.

உதையையே ஒழித்த வடிவமைப்புகளும் வந்தன. ஜெர்மனியின் டயானா, கிஸ் என்ற முறையில் எதிரெதிராகப் பாயும் இரண்டு பிஸ்டனைப் பல்சக்கரத்தால் இணைத்தது. ஒன்றின் உதை மற்றதை அழிக்கும். ஃபைன்வெர்க்பாவ் 300-ல் முழு இயக்கமும் தண்டவாளம் மாதிரி பின்னால் சறுக்கிவிடும், தோளுக்கு எதுவும் தெரியாது. எங்களுக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். கிஸ் முறையில் பல் ஒன்று தப்பிப் பூட்டினாலும் இரண்டு பிஸ்டனும் நேரம் பிசகும். பழக்கமில்லாத கை அதைத் திறக்கவே கூடாது.

காக் பண்ணி அப்படியே வெச்சிருக்கலாங்களா?

ஸ்டீல் ஸ்பிரிங்கை மணிக்கணக்கில் வைத்தால் படியும். கேஸ் ராம் படியாது, ஆனால் வீட்டில் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அந்த வசதியைப் பயன்படுத்த நினைப்பதே தப்பு. காக் செய்துவிட்டுச் சுட வேண்டாம் என்று தோன்றினால் பெல்லட் போட்டு இலக்குப் பெட்டியில் சுட்டுவிடுங்கள். பேரல் மடங்கிய நிலையில் டிரிகரைத் தொடாதீர்கள். பேரல் எகிறி மேலே அடிக்கும், வளையும்.

பொடக்காளியில சுட இடம் எப்படி அமைக்கறது?

வீட்டுப் பின்புறத்தில் 10 மீட்டர் நேர்க்கோடு, பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத சுவர். 30 செ.மீ. ஆழ மரப்பெட்டி, பின் பலகை 18 மி.மீ. பிளைவுட். உள்ளே திருப்பூர் பனியன் வேஸ்ட்டை மிதித்து மிதித்து அடையுங்கள். தளர்வாக அடைத்தால் பெல்லட் ஊடுருவிவிடும். முன்னால் அட்டை, அதன்மேல் இலக்குக் காகிதம். நூறு ஷாட்டுக்கு ஒரு தடவை நடுவில் குழி விழுந்ததா பார்த்து மேலும் அடையுங்கள். கருங்கல், தென்னை மரம், இரும்புத் தகடு எதையும் நேராகச் சுடாதீர்கள்; திரும்பி வரும். தவறிப்போன பெல்லட் நூற்றுக்கணக்கான மீட்டர் போகும், பக்கத்துத் தோட்டத்துச் சாளை (வீடு) அதற்குள் வந்துவிடும். கண்ணாடி போடுங்கள். பெல்லட் ஈயம், தொட்ட கையால் முறுக்கு எடுக்காதீர்கள்.

பழைய ரைபிள் ஒண்ணு விலைக்கு வருது. என்ன பாக்கோணும்?

பெல்லட்டும் டிஷ்யூ காகிதமும் கையோடு கொண்டுபோங்கள். முதலில் ஸ்டாக்கை மூட்டுக்கு அருகே பாருங்கள். கைப்பிடி மெலிந்த இடத்தில் மயிரிழை விரிசல் இருந்தால் யாரோ பேரலை எகிற விட்டிருக்கிறார்கள். பேரலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பக்கவாட்டில் நோக்குங்கள், மேல்நோக்கி வளைந்திருந்தாலும் அதே காரணம். மடக்கி நறநறப்பைக் கேளுங்கள். காக் செய்து, டிரிகரைத் தொடாமல், அடிக்கட்டையை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுங்கள், பேரல் வாய் இலக்குப் பெட்டியைப் பார்த்தபடி இருக்கட்டும். சியர் விட்டுவிட்டால் பேரமே வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள். நின்றால் காகிதத்தைத் தொங்கவிட்டு ஐந்து ஷாட். விற்பவர் "எண்ணெய் விட்டு ரெடியா வெச்சிருக்கேனுங்க" என்று சொல்லி, முதல் ஷாட்டில் புகையும் சத்தமும் வந்தால், பத்தாவது ஷாட் வரை காத்திருந்து அதற்குப் பிறகு வரும் வேகத்துக்கு விலை பேசுங்கள்.